எடையில்லாத ஈயை எறிவது எப்படி?

கோழி இறகு ஒன்றை எடுத்து இருபதடி தள்ளி எறிய முயன்றவர்களுக்குத் தெரியும். கையை எவ்வளவு வேகமாக வீசினாலும் அது இரண்டடி போய், காற்றில் தயங்கி, காலடியிலேயே வந்து விழும். குளத்தங்கரையில் தூண்டில் போடுகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மண்புழு, ஈயக்குண்டு, தக்கை என்று நுனியில் ஒரு கனம் இருக்கிறது. அந்தக் கனம் பறக்க, நூல் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போகிறது. மலையோடையில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர் எறிய வேண்டியதோ இறகும் முடியும் சுற்றிப் பூச்சிபோலக் கட்டிய ஒரு சின்ன முள்; அதை ‘ஈ’ என்பார்கள். ஒரு கிராமில் சிறு பங்குதான் தேறும். அதைப் பத்து மீட்டர் தள்ளி, சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள நீர்ப்பரப்பில், ஒரு பூச்சி தானாக வந்து உட்கார்ந்ததுபோல இறக்கியாக வேண்டும்.

ஈக்குக் கனம் சேர்த்தால் அது ஈயாக இராது. ஆகவே கனத்தை நூலுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஃபிளை ஃபிஷிங் என்கிற கலை முழுவதும் இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தது. முதல் பயணத்துக்குச் சாமான் சேர்க்கிறவர் இதைப் பிடித்துக்கொண்டால், கடைக்காரர் அடுக்கும் நூறு பொருளில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

பொய் ஈயின் வயது நாம் நினைப்பதைவிட அதிகம். கி.பி. 200ஐ ஒட்டி ரோமில் வாழ்ந்த ஏலியானுஸ், விலங்குகளைப் பற்றிய தன் நூலில் மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்று மீனவர்களைச் சொல்கிறார். அந்த ஆற்று மீன்கள் நீர்மேல் வந்து உட்காரும் ஒருவகை ஈயை விரும்பித் தின்றன. மீனவர்கள் அந்த ஈயைப் பிடித்து முள்ளில் குத்தவில்லை. மனிதக் கை பட்டதும் அதன் நிறம் மங்கிச் சிறகு வாடிவிடுமாம். அதனால் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டைக் கட்டினார்கள். கழி ஆறடி, நூலும் ஆறடி. கம்பளி, சேவல் இறகு, முள்: பதினெட்டு நூற்றாண்டு கழிந்தும் ஈ கட்டும் மேசையில் இருப்பவை ஏறக்குறைய இவைதான்.

இன்று முதல்முறை போகிறவர் ஒருவருக்கு நல்ல பள்ளிக்கூடம் எது என்றால், அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளைத் தயங்காமல் சொல்லலாம். டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் 1934இல் அமைந்த தேசியப் பூங்கா அது. உச்சி 2,025 மீட்டர். முன்பு கிளிங்மன்ஸ் டோம் என்று அழைக்கப்பட்ட அந்தச் சிகரத்துக்கு 2024இல் செரோக்கி மக்களின் பழைய பெயரான குவோஹி திரும்பக் கிடைத்தது. மலை முழுக்க ஓடைகள். ரோடோடெண்ட்ரான் புதர்கள் இருகரையிலிருந்தும் கவிந்து, பல இடங்களில் ஓடை ஒரு பச்சைக் குகைக்குள் ஓடுவதுபோல இருக்கும்.

இந்த ஓடைகளின் வேதியியல்தான் புதியவருக்குத் துணை நிற்கிறது. பெரும்பாலும் கரையாத பழம்பாறைகள் மேல் ஓடுவதால் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு; பாசி குறைவு; பாசி தின்னும் பூச்சியும் குறைவு. மீனுக்கு எப்போதும் அரைவயிறு. மேலிருந்து அடித்துக்கொண்டு வரும் ஒன்று தின்னத் தக்கதா என்று தீர்மானிக்க அதற்குக் கிடைப்பது ஒரு நொடியோ இரண்டோதான். விட்டுவிட்டால் போயிற்று. அதனால் ஏறக்குறைய பூச்சி மாதிரி இருந்தாலே வாயில் எடுத்துப் பார்க்கும். சுண்ணாம்புப் பாறைப் படுகையைத் தொட்டு வரும் ஏப்ரம்ஸ் கிரீக் போன்ற ஓரிரு ஓடைகளில் நிலைமை வேறு. அங்கே சாப்பாடு அதிகம், மீனின் சந்தேகமும் அதிகம். முதல் நாளை வேறு ஓடையில் வைத்துக்கொள்வது நல்லது.

சாமானைக் கையில் பிடிப்பதிலிருந்து தொடங்கலாம். நூலின் கனத்தை எண்ணால் குறிக்கிறார்கள். நூலின் முதல் 30 அடியை நிறுத்தால் 100 கிரெயின் வந்தால் 3ஆம் எண், 120 வந்தால் 4, 140 வந்தால் 5. நம் பொற்கொல்லர் குன்றிமணியை வைத்து நிறுத்ததுபோல ஐரோப்பியர் தானிய மணியை வைத்து நிறுத்த காலத்து அளவு இது. 140 கிரெயின் சுமார் 9 கிராம். இந்தச் சொற்பக் கனம் 30 அடி நீளத்துக்குப் பரவியிருக்கிறது. கழி வளைந்து நிமிர்ந்து எறிவது இந்த 9 கிராமைத்தான். ஈ சும்மா ஒட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் கழியின் எண்ணும் நூலின் எண்ணும் பொருந்தியிருக்க வேண்டும். ஸ்மோக்கி ஓடைகளுக்கு 3 அல்லது 4 போதும். கழி ஏழரை அடியிலிருந்து எட்டரை அடிக்குள். நீளக் கழி நூலை வேக நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க உதவும்; புதருக்குள் போனால் அதே நீளம் கிளையில் மாட்டும். ரீல் இங்கே நூல் சுற்றி வைக்கும் பெட்டி, அவ்வளவே. கையளவு மீனுக்கு விலை உயர்ந்த பிரேக் எதற்கு? மிச்சமாகும் பணத்தை நல்ல நூலில் போடலாம்.

எறிதலில் நடப்பது என்ன என்பதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். கழியை முன்னே வீசிச் சட்டென நிறுத்தும்போது, பின்னால் நீண்டிருந்த நூல் ஒரு குறுகிய வளைவாக மடிந்து முன்னோக்கி உருள்கிறது. வளைவின் அடிப்பக்கம் கழி நுனியோடு நின்றுவிட, மேல்பக்கம் மட்டும் ஓடுகிறது. ஓடும் பகுதி நேரம் ஆக ஆகக் குட்டையாகிறது. இருக்கிற ஆற்றல் குறைந்துகொண்டே வரும் நிறைக்குள் சுருங்குவதால், காற்றின் தடையை மீறி வேகம் நிற்கிறது. சாட்டையும் இப்படித்தான் வேலை செய்கிறது. சாட்டை சொடுக்கும் சத்தம், அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால் எழுவது. முன்வீச்சை அவசரப்பட்டுத் தொடங்கும் புதியவர் தன் நூலிலும் இதே சொடுக்கைக் கேட்பார். கேட்ட கணமே ஈ அறுந்து எங்கோ போயிருக்கும். நூல் பின்னால் முழுக்க நீளும்வரை பொறுப்பதுதான் மருந்து. இதை ஓடையில் போய்க் கற்கக் கூடாது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே, ஈக்குப் பதில் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டி, மைதானத்தில் தினமும் கால்மணி நேரம் வீசிப் பழகினால் போதும்.

கன நூல் அப்படியே ஈ வரை போனால் அறைந்தாற்போல நீரில் விழும். அதனால் நடுவில் ‘லீடர்’ என்ற நைலான் இழை வருகிறது. நூலோடு சேரும் முனையில் அரை மில்லிமீட்டர் தடிமன். அங்கிருந்து படிப்படியாக மெலிந்து, ஈயைக் கட்டும் நுனியில் 0.15 மில்லிமீட்டர். வளைவின் ஆற்றல் இந்த மெலிவின் வழியே செலவாகி, கடைசியில் ஈயைக் கவிழ்த்துப் போடும் அளவே மிஞ்சுகிறது. ஏழரை அடி லீடர் ஒன்று, நுனியில் சேர்க்க ‘5எக்ஸ்’ இழைச் சுருள் ஒன்று. வாங்க வேண்டியது இவ்வளவுதான்.

அந்த எக்ஸ் கணக்குக்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. நைலான் வருமுன் இந்த இழை பட்டுப்புழுவிலிருந்து வந்தது. கூடு கட்டப்போகும் புழுவின் பட்டுச் சுரப்பியை எடுத்து இழுத்து நீட்டிக் காயவைப்பார்கள். அதை மெலிதாக்கத் துளையிட்ட தகட்டின் வழியே இழுப்பார்கள். எத்தனை முறை இழுத்தார்களோ அத்தனை எக்ஸ். புழு போய்விட்டது, எண் தங்கிவிட்டது. இன்றும் 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தடிமன் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்பது கிடைக்கும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு.

இழை மெலிதாக இருப்பது மீனின் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான காரணம் வளைவு. ஓடையின் நடுவில் நீர் பாயும், பாறையோரம் தயங்கும், பாறைக்குப் பின்னால் சுழலும். இழை விறைப்பாக இருந்தால் பாயும் நீர் இழையை இழுக்க, இழை ஈயை இழுக்கும். நீரோட்டத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ போகும் பூச்சியை மீன் தொடாது. உயிருள்ள பூச்சி அப்படிப் போகாது என்பது அதன் அனுபவம். உருண்டை இழை ஒன்றின் வலிமை, விட்டத்தின் இருமடியாகக் கூடுகிறது. விறைப்போ நான்மடியாகக் கூடுகிறது. 5எக்ஸுக்குப் பதில் ஆயிரத்தில் எட்டு அங்குலமுள்ள 3எக்ஸ் கட்டினால் வலிமை 1.8 மடங்கு ஆகும், விறைப்போ மூன்று மடங்கைத் தாண்டும். அறுந்துவிடுமோ என்ற பயத்தில் தடித்த இழை கட்டுகிறவர், மீன் கடிக்கவே கடிக்காத ஒரு தூண்டிலைக் கட்டிக்கொள்கிறார்.

இனி ஈப்பெட்டி. நூற்றுக்கணக்கான வகைகளைப் பார்த்துப் புதியவர் மிரள்வது இங்கேதான். மலையோடையில் மூன்று பூச்சிக் குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மேஃபிளை, கேடிஸ், ஸ்டோன்ஃபிளை. மூன்றும் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கல்லுக்கடியில் நீருக்குள் கழிக்கின்றன. சிறகு முளைத்து மேலே வருவது கடைசி சில வாரங்களுக்குத்தான். மேஃபிளைக்கு அதுவும் ஓரிரு நாள். வளர்ந்த மேஃபிளையின் வாய் சாப்பிடப் பயன்படாது. இணைசேர்ந்து முட்டையிட்டதும் நீர்மேல் விழுந்துவிடும். மழைவிட்ட மாலையில் புற்றிலிருந்து ஈசல் பொங்கி எழுவதையும், காலையில் சிறகு மட்டும் வாசலில் கிடப்பதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது; பூச்சி வேறு, கதை ஒன்று. சிறகு வந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இனம் உலகில் மேஃபிளை மட்டுமே.

ஆகவே பெட்டியில் இரண்டு சாதி வேண்டும்: மிதப்பவை, மூழ்குபவை. மிதப்பவற்றில் ஆடம்ஸ். 1922இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டி, நண்பர் சார்லஸ் ஆடம்ஸின் பெயரை வைத்தது. சாம்பல் மென்முடி உடல், பழுப்பும் வரியும் கலந்த சேவல் இறகு. குறிப்பாக எந்தப் பூச்சியையும் போல இல்லை; கொஞ்சம் கொஞ்சம் எல்லாப் பூச்சியையும் போல இருக்கிறது. அரைவயிற்று மீனுக்கு அது போதும். அடுத்தது அல் டிராத் உருவாக்கிய எல்க் ஹேர் கேடிஸ். எல்க் மானின் முடிக்குள் காற்றறைகள் இருப்பதால் கொந்தளிக்கும் நீரிலும் மூழ்காது. மே, ஜூனில் ஸ்மோக்கி ஓடைகளில் சின்ன மஞ்சள் ஸ்டோன்ஃபிளைகள் கிளம்பும். அதற்காக மஞ்சள் உடல் கொண்டது ஒன்று. மூழ்குபவற்றில் ஃபெசன்ட் டெயில், முயல்முடியில் கட்டிய ஹேர்ஸ் இயர், மயிற்பீலி இழையைச் சுற்றிய ஏதேனும் ஒன்று. முள் 12 முதல் 16 வரை (எண் ஏற ஏற முள் சிறுக்கும்). ஒவ்வொன்றிலும் நான்கு. மரக்கிளைகள் பாதியை வாங்கிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்த்தாயிற்று.

இவற்றில் ஃபெசன்ட் டெயிலை ஒருமுறையாவது சொந்தக் கையால் கட்டிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வில்ட்ஷரில் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் தந்தது. அவர் கட்டுநூலே பயன்படுத்தவில்லை. தலைமுடி போன்ற செம்புக் கம்பிதான் நூலும், எடையும், நிறமும். 16ஆம் எண் முள்ளைச் சிறிய வைஸ் என்னும் இடுக்கியில் பிடித்துக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, மார்புப் பகுதியில் மட்டும் ஒரு மேடு எழுப்ப வேண்டும். ஃபெசன்ட் என்னும் பறவையின் சேவல் வால் இறகிலிருந்து நான்கு இழைகளை ஒன்றாகக் கிள்ளி, அவற்றின் நுனி வாலாக நீட்டிக்கொண்டிருக்கும்படி முள்ளின் பின்புறம் கட்ட வேண்டும். மீதி இழைகளைக் கம்பியோடு முறுக்கி முன்னோக்கிச் சுற்றினால் செம்பழுப்பு உடல் வந்துவிடும். வளையங்களுக்கிடையே செம்பு மினுங்கும். மேட்டின் மேல் இழைகளை முன்னும் பின்னும் மடித்துக் கட்டினால், சிறகு முளைக்கத் தயாராகும் பூச்சியின் கருத்த முதுகு. கால் வைக்கவில்லை. நீந்தும் இளம்பூச்சி காலை உடலோடு ஒட்டிக்கொள்வதைச் சாயர் ஆண்டுக்கணக்கில் பார்த்திருந்தார். முதல் ஈ கோணலாகத்தான் வரும். மீன் அதைப் பொருட்படுத்தாது.

இறகு என்று வரும்போது தமிழ்நாட்டுக் காடு ஒன்றும் இந்தக் கதைக்குள் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்து இறகுகளில் மெருகெண்ணெய் பூசியதுபோன்ற வெண்மஞ்சள் பொட்டுகள் இருக்கும். விக்டோரியா காலத்தில் சால்மன் மீனுக்காகக் கட்டிய ஈக்களில் கண் வைப்பதற்கு அந்தப் பொட்டைவிட உயர்ந்தது இல்லை என்று பிரிட்டனில் முடிவு செய்தார்கள். கப்பல் கப்பலாகக் கழுத்துத் தோல்கள் போயின. 1960களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று வெளிநாடுகளில் விற்கும் இறகு, அங்கேயே பண்ணையில் வளர்த்த பறவைகளுடையது. மலையோடை டிரவுட்டுக்கு அந்த ஆடம்பரம் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. வீட்டுச் சேவல் இறகு போதும்.

ஈ தயார். மீன் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பது அடுத்த கேள்வி. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், தொடுவானம் முதல் உச்சிவானம் வரை 180 டிகிரியும் சுமார் 97 டிகிரிக் கூம்பாகச் சுருங்குகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் டிரவுட்டுக்கு அந்த ஜன்னலின் விட்டம் 68 சென்டிமீட்டர். அதற்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடியாகி ஓடைப் படுகையையே திருப்பிக் காட்டும். அந்தக் கண்ணாடியைக் குத்தும் ஈயின் கால்கள் ஒளிப்புள்ளிகளாக மின்னுவதுதான் மீனுக்குக் கிடைக்கும் முதல் தகவல். நீர்மட்டத்துக்கு மேல் 10 டிகிரிக்குள் இருப்பவை ஜன்னலின் விளிம்பில் நசுங்கி, மங்கித் தெரியும். பத்து மீட்டர் தள்ளி நீருக்குள் நிற்பவர் 1.75 மீட்டர் உயரம்வரை இந்த மங்கலுக்குள் அடங்குவார். மலையோடையில் ஐந்து மீட்டர் நெருங்க வேண்டியிருக்கும். அங்கே வரம்பு 88 சென்டிமீட்டர்தான். அதற்கு மண்டியிட வேண்டும். ஆகவே முழங்கால் தேயாத கால்சட்டை, கரும்பச்சையோ பழுப்போ ஆன சட்டை. மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால், கீழிருந்து மேலே ஏறிப் பின்புறமாக அணுக வேண்டும்.

சாமான் பையில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை வற்புறுத்தச் சொன்னால் அது இதுதான். டிரவுட் குளிர்நீர் மீன். உறைநிலையில் ஒரு லிட்டர் நீரில் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் 9.1தான். அதே வெப்பத்தில் மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனோ கூடுகிறது. 20 டிகிரியை எட்டிய நீரில் தூண்டிலோடு போராடிக் களைத்த மீன், விட்டபின்னும் செத்துப்போகலாம். வெப்பமானி 20ஐக் காட்டினால் அன்றைக்குக் கழியை மடித்துவிட வேண்டும்.

இந்தக் குளிர்த்தேவைதான் டிரவுட்டை நம் மலைகளுக்கும் ஏற்றியது. நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் எச்.சி. வில்சன் அமைத்த பொரிப்பகத்திலிருந்து ரெயின்போ டிரவுட் குஞ்சுகள் அந்த உயர்நிலத்து ஓடைகளுக்குப் போயின. அந்த மீனின் பூர்வீகம் பசிபிக் கரை. ஸ்மோக்கி மலைக்கும் அது அந்நியம்தான். அங்கே மண்ணின் மீன் புரூக் டிரவுட். ஆலிவ் முதுகில் புழு ஊர்ந்த தடம் போன்ற வரிகள், நீல வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு, துடுப்பின் விளிம்பில் சுண்ணாம்பு தீட்டியதுபோல ஒரு வெள்ளைக் கோடு. மரம்வெட்டும் கம்பெனிகள் மலையை மொட்டையடித்ததிலும், ரெயின்போ வந்து இடம் பிடித்ததிலும், பூங்காவுக்குள் தன் பழைய இடத்தில் முக்கால் பங்கை அது இழந்துவிட்டது. இன்று உயரத்து ஓடைகளில்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. ஒரு சாண் நீளமே உள்ள அந்த மீனைப் பார்ப்பதற்காகவே செங்குத்துப் பாதையில் மணிக்கணக்காக ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் புரிந்துகொள்ள ஒரு மீனைக் கையில் ஏந்தினால் போதும்.

ஏந்தும் முன் கையை நனைக்க வேண்டும். மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்புதான் அதன் நோய்க்காப்பு. உலர்ந்த கை அதை உரித்துவிடும். முள்ளின் உட்புறம் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், மீனை நீரிலிருந்து வெளியே எடுக்காமலே கழற்றலாம். பூங்காவில் உயிர் இரைக்கு இடமில்லை. ஒற்றை முள்ளுள்ள செயற்கை ஈயோ இரையோதான். இரண்டு மாநிலத்தில் எதன் உரிமம் இருந்தாலும் பூங்கா முழுவதும் செல்லும். கற்களை நகர்த்துவதும் குற்றம். ஹெல்பெண்டர் என்னும் பெரிய சாலமாண்டர் அந்தக் கற்களுக்கடியில்தான் முட்டையிடுகிறது. கல்லைப் புரட்டி அடியில் என்ன பூச்சி என்று பார்ப்பது பழைய தூண்டில்காரர் வழக்கம். இங்கே அதற்குப் பதில் கரையோரப் புதரில் சிலந்தி வலையைத் தேடலாம். நேற்று மாலை எந்தப் பூச்சி பறந்தது என்பது அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியாக முடிச்சு. இழையை முள்ளின் காதில் நுழைத்து, தன்மேலேயே ஐந்து சுற்று சுற்றி, காதை ஒட்டிய கண்ணிக்குள் விட்டு, அப்படி உண்டாகும் பெரிய கண்ணிக்குள்ளும் ஒருமுறை விட்டு இழுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்காவிட்டால், உரசலில் எழும் சூடு நைலானை அந்த இடத்திலேயே பலவீனமாக்கிவிடும். மீன் கடித்து அறுந்ததாகச் சொல்லப்படும் இழைகளில் பல, முந்தின இரவு விளக்கடியில் உலர்ந்த முடிச்சாக இறுக்கப்பட்டவை. வீட்டிலேயே ஐம்பது முறை கட்டிப் பழகினால் ஓடையில் விரல் மரத்திருக்கும்போதும் வரும்.

ஓடையில் முதல் வீச்சுக்கு, மிதக்கும் கேடிஸ் ஒன்றைக் கட்டி அதன் முள்வளைவிலிருந்து ஒன்றரை அடி இழையில் ஃபெசன்ட் டெயிலைத் தொங்கவிடலாம். மேலே உள்ளது ஈயாகவும் இருக்கும், தக்கையாகவும் இருக்கும். பாயும் நீரும் தயங்கும் நீரும் உரசும் கோட்டில் அதை இறக்க வேண்டும். மீன் தயங்கும் நீரில் நின்று, பாயும் நீர் கொண்டுவருவதை எட்டிப் பிடிக்கும். கழியை உயர்த்தி, நூல் நீரில் படாமல் பார்த்துக்கொண்டு, ஈ போகிற வேகத்துக்குக் கழி நுனியும் கூடவே போனால், மிதக்கும் ஈ ஒரு கணம் நிற்கும், அல்லது சட்டென அமிழும்.

மாலையில் திரும்பியதும் காலணியின் மண்ணைக் கழுவி, எல்லாவற்றையும் நன்றாக உலர்த்த வேண்டும். டிடிமோ என்னும் பாசியும் நியூசிலாந்துச் சேற்று நத்தையும் ஈரச் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஓடைவிட்டு ஓடை போகின்றன. நனைந்த ஈக்களை அப்படியே பெட்டியில் மூடினால் ஒரே வாரத்தில் முள் துருப்பிடிக்கும். இரவெல்லாம் ஜன்னல் திட்டில் அவற்றைக் காயவைத்து, காலையில் எடுத்துப் பார்த்தால், கோணலாகக் கட்டிய அந்த முதல் ஃபெசன்ட் டெயிலில் இரண்டு இழை அறுந்து, செம்புக் கம்பி வெளியே தெரியும். டிரவுட்டின் பல் பட்ட இடம் அது.